காட்பாடி வழியில் பைக்கின் ஆயில் சீல் மாற்றிக்கொடுத்த பெரியவருக்கு நன்றி

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இந்தப் பதிவு எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுப் பாலம் தாண்டி, அப்பாவின் பழைய வண்டியோடு நின்றவன் நான்தான். கியர் லீவர் தண்டிலிருந்து ஒழுகி இடது செருப்பு முழுக்க ஆயில். ஆயில் வெளியே வராமல் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல்; அதை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை.

குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு வந்தீர்கள். "தம்பி, வண்டியை வலப்பக்கமா சாயுங்க, ஆயில் கொட்டாது" என்றீர்கள். பழைய சீலை நெம்பி எடுத்து, அதன் முகத்தில் இருந்த எண்களைத் துடைத்துக் காட்டினீர்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். என் தண்டின் விட்டம் 12, போட்டிருந்த சீலின் உள்விட்டம் 13. அந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை நாள் அலைந்திருக்கிறேன்!

அப்புறம் உங்கள் வண்டியிலேயே கடைக்குக் கூட்டிப்போய் சரியான அளவை வாங்க வைத்தீர்கள். தண்டின் பற்களில் டேப் சுற்றி, சீலின் உதட்டில், அதாவது தண்டைத் தொடும் உள்விளிம்பில், கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்க்கும்படி வைத்து, சாக்கெட்டால் மெதுவாகத் தட்டி இறக்கினீர்கள். டேப் இல்லாவிட்டால் அந்தப் பற்களே உதட்டைக் கிழித்துவிடும் என்று சொன்னது மனதிலேயே நிற்கிறது. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் கசியும் என்று அதையும் ஊதிப் பார்த்தீர்கள்.

காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் என்று ஓட்டிவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. அப்பா தினமும் காலையில் வண்டிக்கு அடியில் அட்டை வைத்துப் பார்த்துச் சிரிக்கிறார். ரொம்ப நன்றி, ஐயா.