பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கு நன்றி

புது சபையில் என் முதல் ஞாயிறு அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இந்தப் பதிவு. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கைதட்டி, சத்தமாகப் பாடி ஜெபிக்கும் சபையில் வளர்ந்தவள் நான். இங்கே எல்லாம் புத்தகம் பார்த்து, எழுந்து, முழங்கால் போட்டு நடக்கும் ஆராதனை. எங்கே இருக்கிறோம் என்றே புரியாமல் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உங்கள் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, வாசிக்கும் வரியில் விரலை வைத்தீர்கள். ஆராதனை முடியும்வரை அந்த விரல் வரிவரியாக நகர்ந்தது.

அப்புறம் வெளியே வந்து, பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 12-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்கச் சொன்னீர்கள். தேவன் அழைத்ததால் ஆபிராம் (பின்னாளில் ஆபிரகாம்) ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்பட்டது 75 வயதில். கானானுக்கு வந்து சேர்ந்ததும் சீகேமில் ஒரு பலிபீடம், பெத்தேலுக்குக் கிழக்கே இன்னொன்று. அதே அதிகாரத்திலேயே பஞ்சமும் வருகிறது! தேவன் அழைத்த இடத்தில் பஞ்சமா என்று கேட்டேன். "பஞ்சம் வந்ததால் அழைப்பு பொய்யாகிவிடுமா?" என்றீர்கள். பல பிரசங்கங்களில் கிடைக்காத தெளிவு அது.

பழைய சபையின் பாடல்கள் இன்னும் நெஞ்சில் இருக்கின்றன. அவற்றை விடவேண்டும் என்று நீங்களும் சொல்லவில்லை. இப்போது மௌன ஜெபமும் எனக்குப் பிடித்திருக்கிறது. மிக்க நன்றி அம்மா, கர்த்தர் உங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக. அடுத்த முறை பார்க்கும்போது கட்டாயம் பெயர் கேட்பேன்.