ஒன்று பிடித்துவிட்டால்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து நிறுத்தியாச்சு. மோட்டார் காயில் மறுபடி போய், புதிதாகக் கட்டி வந்துவிட்டது. பெரியத்தை வீட்டு விசேஷம் தைக்குத் தள்ளிப்போகிறது. சேதி அவ்வளவுதான்.

போன ஞாயிறும் உன் போன் வரவில்லை. வேலையாக இருந்திருப்பாய், நான் கேட்கவில்லை. நீ கூப்பிட்டாலும் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதில் இதையெல்லாம் பேச முடியாது. ரேவதி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைப் போய்க் கேட்டு வைக்காதே.

நீ சிகரெட்டை விட்டதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை, நீ பிடித்ததே அவருக்குத் தெரியாது. அதாவது, தெரியாத மாதிரி இருக்கிறார்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால், அது ஒன்றுதான். அதுவரை விட்டிருந்த நாளெல்லாம் கணக்கில் அப்படியே இருக்கிறது. சிகரெட்டில் இருக்கும் நிக்கோட்டினுக்குப் பழகி மூளை பெருக்கி வைத்திருக்கும் ஏற்பிகள், அதாவது அது போய் ஒட்டும் இடங்கள், பழைய அளவுக்கு வர 6 முதல் 12 வாரம் ஆகும். விட்ட முதல் 2, 3 நாள்தான் கஷ்டத்தின் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் 3, 4 வாரத்தில் தணியும், அகோரப் பசி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அதற்கு அப்புறமும் திடீரென்று ஒரு நாள் ஆசை வந்து நிற்கும். அது உடம்பின் குணம், உன் குணமில்லை. பலரும் ஒரே முயற்சியில் விட்டதில்லை, பல தடவை விட்டு, மறுபடி பிடித்து, அப்புறம்தான் முழுசாக விட்டார்கள். வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள்.

கெடுதல் அந்த ஒன்றோடு நிற்பதில்லை. "முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு" என்று அன்று சாயங்காலமே பாக்கெட்டாக வாங்க வைக்கிறதே, அந்த வெட்கம்தான் ஆளைப் பழைய இடத்துக்கு இழுத்துப்போகிறது. தன்னைத் திட்டிக்கொள்கிறவன் ஒளிகிறான், ஒளிகிறவன் போன் எடுப்பதில்லை, தனியாக இருக்கிறவன் இன்னொன்று பற்றவைக்கிறான். சித்தப்பா விஷயம் உனக்கே தெரியும், நான் திரும்பச் சொல்லவில்லை.

அப்படி நடந்தால் செய்ய வேண்டியது இதுதான். பாக்கெட்டில் மீதி இருந்தால் தண்ணீரில் நனைத்துப் போடு. அப்படியே குப்பைக்கூடையில் போட்டால் ராத்திரி கை அங்கேதான் போகும். பிறகு ஒரு சீட்டில் எழுது: எத்தனை மணி, எந்த இடம், யார் கூட, சாப்பிட்டிருந்தாயா, என்ன மனநிலை. அவ்வளவுதான். "நான் உருப்படமாட்டேன்" என்பதை அதில் எழுத வேண்டாம், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நாலரை மணி, டீக்கடை, மீட்டிங் முடிந்து, மத்தியானம் சாப்பிடவில்லை" என்றால் செய்யலாம். நாலு மணிக்கே கொஞ்சம் கடலை சாப்பிடு, வேறு கடைக்குப் போ. தூணில் கட்டித் தொங்கும் அந்தப் புகையும் கயிறு கண்ணில் படாத கடையாகப் பார். சில்லறையாக ஒன்று கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு மனசை அடக்குவது யாராலும் ஆகிற காரியமில்லை.

ஆசை ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் 5 நிமிஷத்துக்குள் தணியும். கடிகாரத்தைப் பார், தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடி, நட.

நிக்கோட்டின் சூயிங்கம்மை நீ சரியாகப் போடுகிறாயா என்றே எனக்குச் சந்தேகம். பெரும்பாலோர் மிட்டாய் சூயிங்கம் மாதிரி மெல்லுகிறார்கள். அப்படி மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக மென்று, காரம் சுருக்கென்று தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வை. சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி மெல், இடம் மாற்றி ஒதுக்கு. ஒன்று அரை மணி நேரம் வர வேண்டும். போடுவதற்கு 15 நிமிஷம் முன்னாலிருந்து, வாயில் இருக்கும் வரை, காபி, ஜூஸ், சோடா கூடாது. அந்தப் புளிப்பு மருந்தை வாயில் ஏறவிடாது.

முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. தாங்க முடியாதபோது மட்டும் போட்டுவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்று சொல்லக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு போடுவது வீம்பு, வைத்தியம் இல்லை. விடுவதற்கு முன்னால், எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவனாக இருந்தாய் என்றால் 2 மி.கி. சூயிங்கம் போதாது. 4 மி.கி.க்கு டாக்டரைப் பார். விடுவதற்கு மாத்திரையும் இருக்கிறது, அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். மனசு இரண்டு வாரமாகப் பாரமாகவே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்.

காபியைப் பாதியாகக் குறை. புகை உள்ளே போகும்வரை ஈரல் காபியைச் சீக்கிரம் கரைத்துவிடும். விட்டதும் அந்த வேகம் போய்விடுகிறது. அதே நாலு டம்ளர் ரத்தத்தில் அதிக நேரம் நின்று, கை நடுங்கி, தூக்கம் போய், "விட்டதால்தான் இப்படி" என்று நினைக்க வைக்கும்.

நாலைந்து கிலோ போடும். போடட்டும். சட்டை இறுகினால் புதுச் சட்டை எடு, அந்தக் கவலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். விட்டு ஒரு வருஷம் ஆனால், பிடிப்பதால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைகிறது. தாத்தா எத்தனை வயதில் போனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாவதில் கணக்கில் இரண்டு மார்க் போனதற்குச் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தவன் நீ. அந்த ரோஷத்தை இதில் காட்டாதே. அடுத்தவன் பிள்ளை சறுக்கினால் தோளில் கை போட்டு டீ வாங்கித் தருவாய், எனக்குத் தெரியும். அந்த மரியாதையை உனக்கும் கொடு. மறுபடி சொல்கிறேன், சூயிங்கம்முக்கு 15 நிமிஷம் முன்னால் காபி கூடாது.

என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசு, காசில்லை. பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கும். உன்னிடம் பாக்கெட் இருக்கக் கூடாது என்பதால் நானே எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் வரும், யாரும் சொல்ல மாட்டார்கள். கீரை, கொய்யாப்பழம், தண்ணீர். பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் வருகிறது. நார்த்தங்காய் புளிப்பு, சூயிங்கம் போடும் நேரத்தில் அதையும் தொடாதே.