பச்சைத் தேயிலை பில்லில் இனி ஒவ்வொரு எண்ணுக்கும் ஊர் பேர் உண்டு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விவசாயி கேட்கிற கேள்வி தெரிந்ததுதான்: "62 கிலோ போட்டேன், 55.8க்குத்தானே காசு வந்திருக்கு?" நம் பில் மென்பொருளின் வரும் பதிப்பில் தொகையின்மேல் அழுத்தினால் எந்த எடைச்சீட்டு, என்ன கழிவு, தேயிலை வாரியம் அறிவித்த எந்த மாத விலை என்று திரையிலேயே விரியும்.

நம் நிரல் பைத்தான் மொழியில் எழுதியது. 10% கழிவுக்காக 62ஐ 0.9ஆல் பெருக்கினால் அதில் 55.8 மட்டும்தான் மிஞ்சும். சீட்டு எண் அந்த இடத்திலேயே போய்விடும். வெளியிலிருந்து வந்த தரவைக் 'கறை' என்று குறித்துப் பின்தொடரும் வசதி பெர்ல் மொழியில் வெகுகாலமாக உண்டு. ஆனால் வெளியே இருந்து வந்ததா இல்லையா என்பதோடு அது நின்றுவிடும். எந்தச் சீட்டு என்று சொல்லாது. அதனால் எடை, விலை, கழிவு எல்லாவற்றையும் தனி வகுப்பில் (நாமே வரையறுத்த தரவு வகையில்) வைத்து, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் புது விதி எழுதியிருக்கிறோம். விடை தன் தாய் எண்களையும் கூடவே வைத்திருக்கும்.

ஓட்டை விழும் இடங்கள் சில உண்டு. விடையை ஃப்ளோட்டாக, அதாவது வெறும் தசம எண்ணாக மாற்றினால், எங்கிருந்து வந்தது என்ற மூலம் உதிர்ந்துவிடும். பட்டியலை மொத்தமாகக் கூட்டும் பைத்தானின் சம் (sum) சார்பு வெறும் 0இல் தொடங்குவதால், இடப்பக்கம் சாதா எண் வரும் கூட்டலுக்கும் தனி விதி வேண்டும். இவை சில வரி வேலை. நிஜச் சிக்கல், 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று வழி பிரிக்கும் 'இஃப்' (if) கட்டளைதான். எடை போடும்போது "மழை இலை" என்று குறித்தால் 10% கழிவு. 55.8இன் மூலத்தில் 62 இருக்கும், 0.9 இருக்கும், அந்த 0.9ஐத் தேர்ந்தெடுக்கவைத்த மழைக் குறிப்பு இருக்காது. ஏனென்றால் அது கணக்குக்குள் நுழையவே இல்லை, வழியை மட்டும் திருப்பிவிட்டது. விவசாயி சண்டை போடுவதோ அதற்குத்தான்! ஆகவே கழிவு விதிகளில் இஃப்பை எடுத்துவிட்டு, நிபந்தனையையும் விடையோடு பதியும் சார்பைப் போட்டிருக்கிறோம். உங்களுக்கென்று தனியாக எழுதித் தந்த விதிகள் இருந்தால் புதுப்பிக்கும் முன் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.

நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் மாத முடிவை ஏஜென்ட் வாரியாக ஓட்டுங்கள்.

எக்செலுக்கு எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றினால் அந்த எண்ணுக்கு மூலமாக "எக்செல் கோப்பு" என்றும் தேதியும் மட்டுமே வரும். திருத்தத்தை எடைச்சீட்டிலேயே செய்யுங்கள். பழைய மாதங்களுக்கு மூலம் காட்டாது.

அன்புடன்,
மென்பொருள் பிரிவு, கோத்தகிரி