13-0: கோளாறு புள்ளிப் பட்டியலில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்திய மகளிர் ஹாக்கி அணி இரட்டை இலக்கத்தில் ஜெயித்தால் மறுநாள் 'கோல் மழை' என்று தலைப்பு வருகிறது. கூடவே, "பச்சைப் பிள்ளைகளைப் போட்டு இப்படி அடிப்பதா விளையாட்டு?" என்ற கேள்வியும் வருகிறது. பாராட்டோ கண்டனமோ, இரண்டுமே வீராங்கனைகளின் தலையில்தான் விழுகின்றன. பத்தாவது கோலுக்குப் பிறகும் அவர்களை ஓட வைப்பது எது என்று யாரும் பார்ப்பதில்லை. அது போட்டி விதியிலேயே எழுதியிருக்கிறது.

ஹாக்கி லீக் சுற்றில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். அதுவும் சமம் என்றால் கோல் வித்தியாசம், பிறகு அடித்த மொத்த கோல். அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவு அதற்கும் பின்னால்தான் வருகிறது. அதாவது, நிகரான எதிராளியுடன் எப்படி ஆடினாய் என்பதைவிட, கடைசி இடத்து அணியை எத்தனை கோலில் சாய்த்தாய் என்பதற்கே மதிப்பு அதிகம்.

2024 நவம்பரில் பீகார் மாநிலம் ராஜ்கிரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தை சீனா 15-0 என்று வென்றது, இந்தியா 13-0 என்று வென்றது. இந்தியாவும் சீனாவும் நேருக்கு நேர் மோதும் முன் இரண்டுக்கும் 9 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் சீனாவுக்கு 21, இந்தியாவுக்கு 18. சீனாவின் 21இல் 15, இந்தியாவின் 18இல் 13 என, பெரும்பங்கு தாய்லாந்து வலையிலிருந்து வந்தது. பிறகு இந்தியா சீனாவை 3-0 என்று வென்று முதலிடத்துக்குப் போனது. அந்த ஒரு ஆட்டமே தீர்த்துவைத்த கணக்குக்காக தாய்லாந்து கோல்கீப்பர் 28 முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடரில் அதிக கோல் அடித்த இந்தியாவின் தீபிகாவின் 11 கோல்களில் 5 தாய்லாந்துக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை. (இறுதிப் போட்டியில் சீனாவுக்கு எதிரான ஒரே கோலும் அவருடையதுதான். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.)

2025 செப்டம்பரில் ஹாங்சோவில் நடந்த ஆசியக் கோப்பையில் விதியின் பிடி இன்னும் இறுகியது. இந்தியா தாய்லாந்தை 11-0, சிங்கப்பூரை 12-0 என்று வென்றது. நடுவில் ஜப்பானுடன் 2-2 டிரா. ஜப்பானும் மற்ற இரண்டு ஆட்டங்களிலும் வென்றதால் இருவருக்கும் 7 புள்ளிகள். பிரிவில் முதலிடம் யாருக்கு என்பதைக் கோல் வித்தியாசம்தான் முடிவு செய்தது. இப்படியிருக்க, ஏழு கோல் போதும் என்று எந்தப் பயிற்சியாளர் சொல்வார்?

மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலவீனமான அணி எட்டு ஒன்பது பேரைக் கோலுக்கு முன்னால் உள்ள 'டி' வட்டத்துக்குள் இறக்கிவிடும். அந்த நெரிசலில் பந்து யார் காலிலாவது படும், உடனே பெனால்டி கார்னர்: தாக்கும் அணி கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். உள்ளே தள்ளும் பந்து வட்டத்தை விட்டு வெளியே போய்த் திரும்பிய பிறகுதான் ஷாட். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால் பந்து கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி வீசும் டிராக் பிளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது. பழகிய தற்காப்பு வீராங்கனை பந்து கிளம்பிய கணமே நேராக ஓடி வருவார். பழகாதவர் அரை அடி தயங்குவார், அல்லது தன் கோல்கீப்பரின் பார்வையை மறைத்துக்கொண்டு ஓடுவார். ஷாட் அடித்த இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் அவருடைய முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் பெனால்டி கார்னர். ஒரு தவறுக்கு மூன்று கார்னர் விழுவது இப்படித்தான். பதற்றத்தில் முரட்டுத்தனமாகத் தடுத்தால் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே. பிறகு பத்துப் பேர். ஸ்கோர் பலூன் மாதிரி ஊதுவதற்கு எதிரணியின் இரக்கமின்மை மட்டும் காரணமல்ல.

அதற்காகக் கடைசி குவார்ட்டர் முழுக்கப் பின்வரிசையில் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்பது மரியாதை ஆகாது. "உன்னோடு ஆட எனக்கு விருப்பமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வதை விட மோசம் அது. செய்யக்கூடியது வேறு. ஹாக்கியில் வீராங்கனைகளை மாற்ற எண்ணிக்கை வரம்பே இல்லை. முக்கிய டிராக் பிளிக்கரை உட்கார வைத்து இளையவரை அடிக்கச் சொல்லலாம், இரண்டாவது கோல்கீப்பரை இறக்கலாம், நேரடி ஷாட்டுக்குப் பதிலாகப் பந்தைக் கைமாற்றி முடிக்கும் கார்னர்களைப் பழகலாம். பன்னிரண்டாவது கோலுக்கு ஓடிப்போய் ஆட்டம் போடாமல் நடந்து திரும்பினாலே போதும்.

மகளிர் ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இதைவிடப் பெரிய அவமானத்தைச் சந்தித்தவர்கள். 2008 செப்டம்பரில் லாத்வியாவில் நடந்த ஒலிம்பிக் முன்தகுதிச் சுற்றில் பல்கேரியாவை ஸ்லோவாக்கியா 82-0 என்று வென்றது. 60 நிமிட ஆட்டத்தில் 44 விநாடிக்கு ஒரு கோல்! அதே ஸ்லோவாக்கியா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கனடாவிடம் 18-0 என்று தோற்றது. முன்னேற்றம் இல்லாமல் இப்படியே தொடர முடியாது என்று அப்போதைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜாக் ரோக் எச்சரித்தார். 2014 சோச்சியில் அமைப்பையே மாற்றினார்கள். தரவரிசையில் மேலே இருந்த நான்கு அணிகள் ஒரு பிரிவு, மற்ற நான்கு இன்னொரு பிரிவு. மேல் பிரிவின் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போயின. மீதி இரண்டும் கீழ்ப் பிரிவின் முதல் இரண்டோடு காலிறுதியில் மோதின. யாரையும் வெளியே தள்ளவில்லை. கீழ்ப் பிரிவு அணிகளுக்குத் தங்கள் தரத்து ஆட்டங்களும் கிடைத்தன, மேலே ஏற வழியும் இருந்தது. அந்த விளையாட்டில் சம புள்ளி வந்தால் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

தரவரிசைப்படி பிரிவுகள், நேருக்கு நேர் ஆட்டத்துக்கு முதலிடம் என்ற இந்த இரண்டையும் ஆசிய ஹாக்கியும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியா-ஜப்பான் போல அந்த நேருக்கு நேர் ஆட்டமும் டிரா ஆகிவிட்டால்? கோல் வித்தியாசத்தை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஆறுக்கு மேல் கணக்கில் சேராது என்று ஒரு வரி எழுதட்டும். ஸ்கோர்போர்டில் 13-0 இருக்கும், பட்டியலில் 6 மட்டுமே ஏறும். ஆறாவது கோலுக்குப் பிறகு புதியவர்களை இறக்கப் பயிற்சியாளருக்குத் தைரியம் வரும். தாய்லாந்து, சிங்கப்பூர் போன்ற அணிகளைத் தொடரிலிருந்தே நீக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; பெரிய அணியின் கார்னரை எதிர்கொள்ளாமல் யாரும் அதைத் தடுக்கக் கற்க முடியாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கோல் அடித்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு குவார்ட்டர் வாரியான ஸ்கோர், பெனால்டி கார்னர் எண்ணிக்கை, எதிரணி கோல்கீப்பர் தடுத்த ஷாட்கள் ஆகியவற்றையும் போடுங்கள். தோற்ற அணி எத்தனை முறை நம் வட்டத்துக்குள் நுழைந்தது என்று ஒரு வரி இருந்தால், அடுத்த முறை அவர்கள் ஆடும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஹாக்கி ஆர்வலர்,
கோவில்பட்டி.