60 நாள் கணக்கு

கண்ணு,

போன் பண்ணினால் வேலை இருக்கிறதுப்பா என்று ரெண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி உன் மேஜையைப் பிடித்துக்கொண்டான், நீ வந்தால் திருப்பித் தருகிறானாம்.

வெளிநாட்டில் படிக்க நீ எழுதிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. கம்ப்யூட்டரில் எழுதினால் சில நாளிலேயே ரிசல்ட் வந்துவிடும் என்று நீதான் சொன்னாய், எழுதி இன்றோடு 34 நாள் ஆகிறது, அது போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற நாலு பகுதியில் ஏதாவது ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், மற்ற மூன்றும் பழைய மதிப்பெண்ணோடு அப்படியே இருக்கும். ஆனால் முதலில் எழுதிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் எழுதியாக வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகமும் இதை ஏற்றுக்கொள்வதில்லை, அதனால் மெயில் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டு.

மொத்த மதிப்பெண் 7 வந்துவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 6.5 வேண்டும் என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. 7.5, 7, 7, எழுத்தில் மட்டும் 6 என்று வைத்துக்கொள், கூட்டி நாலால் வகுத்தால் 6.875, அதை 7 என்றுதான் போடுவார்கள், ஆனாலும் அந்த ஒரு 6 வழியை மறித்துவிடும். சும்மா உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன். உன் மதிப்பெண் எனக்குத் தெரியாது.

எழுத்தில் நீ எங்கே விடுகிறாய் என்று மட்டும் தெரியும். மொத்தமே 60 நிமிடம். அந்த வரைபடத்தை 150 வார்த்தையில் விவரிக்கச் சொன்னால் ஒரு கோடு விடாமல் எழுதி அரை மணி நேரத்தைக் கரைத்துவிடுவாய். இரண்டாவதாக வரும் 250 வார்த்தைக் கட்டுரைக்குத்தான் இரண்டு மடங்கு மதிப்பு. அதை முதலில் எழுது, அதற்கு 40 நிமிடம் வை. பள்ளிக்கூடத்திலும் கடைசிப் பக்கம் எழுத நேரமில்லாமல்தானே அழுதுகொண்டு வந்தாய்.

கேட்கிற பகுதியில் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், திரும்பக் கேட்க முடியாது, அதிலேயே 40க்கு 38 எடுத்தாய், அந்தப் பயிற்சித் தாளை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட பெண் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பெரியம்மா கேட்கிறார்கள், நான் என்ன சொல்வது? சரி, விடு. கேட்க மாட்டேன் என்றுதானே ஆரம்பித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பேச்சுப் பகுதிக்கு நீ பயிற்சி எடுத்த அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. அட்டையில் தலைப்பு வரும், ஒரு நிமிடம் யோசித்துக்கொண்டு இரண்டு நிமிடம் வரைக்கும் விடாமல் பேச வேண்டும். அன்றைக்குத் தலைப்பு, நீங்கள் மதிக்கும் ஒருவர். செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நீ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். கதவருகே நின்று கேட்டேன். நடுவில் ஒரு வினைச்சொல்லில் காலம் மாறிப்போனது. உடனே உள்ளே வந்து திருத்தினேன். நீ நிறுத்திவிட்டாய். என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாதும்மா, நான் இலக்கணத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து மொட்டைமாடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தாய்.

உன் பல்கலைக்கழகப் பட்டியலையும் அப்படித்தான் பார்த்தேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது, முதுகலையை ஆங்கிலத்திலேயே நடத்தும் துறைகளும் இருக்கின்றன என்று எழுதி, இரண்டாம் செமஸ்டர் பாடம் வரைக்கும் பென்சிலால் குறித்து வைத்திருந்தாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று, ரேங்க் என்ன? நாலு பேரிடம் சொன்னால் யாருக்கும் தெரியாத பெயர் என்று சிவப்புப் பேனாவால் மூன்றை அடித்தேன். அங்கே போய்ப் படிக்கப்போவது அந்த நாலு பேர் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

நேற்று அந்த நீல ஃபைலை எடுத்தேன். சிவப்பு மையை அழிக்க வரவில்லை, தாள்தான் கிழிகிறது. அதனால் புதுத் தாளில் உன் பட்டியலை, நான் அடித்த மூன்றையும் சேர்த்து, நீ போட்ட வரிசையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். தம்பி படம் எடுத்து அனுப்புவான். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்.

60 நாளில் இன்னும் 26 நாள் இருக்கிறது, தேர்வுத் தேதியும் கிடைக்க வேண்டும். கட்டுரையை முதலில் எழுது. எத்தனை மணியானாலும் போன் பண்ணு, நான் குறுக்கே பேச மாட்டேன்.

அப்பா