விளக்கு வேண்டும், ஆடு வேண்டாமா? மானியம் தரும் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மானியம் வழங்கும் தனியார் அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ மும்பையிலோ அலுவலகம் வைத்து, கோடிகளில் நிதி வைத்திருக்கும் உங்களுக்கும் தமிழில் அறக்கட்டளை என்றுதான் பெயர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு டிரஸ்ட் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கும் அதே பெயர்தான். எனவே இந்த மடலில் ‘நீங்கள்’ என்றால் கொடுப்பவர்கள், ‘நாங்கள்’ என்றால் கேட்பவர்கள்.

நாங்கள் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. செங்கல் சூளைக்கு வேலைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சூளையை ஒட்டியே மாலை வகுப்பு நடத்துகிறோம். பெரும்பாலும் இருளர் பிள்ளைகள். தை பிறந்ததும் சட்டி பானையோடு குடும்பமே சூளைக்கு வந்துவிடும். மழை பிடிக்கத் தொடங்கியதும் ஊர் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. அந்த மாதங்களில் எழுத்து மறந்துபோகாமல் பார்த்துக்கொள்வது, பக்கத்து அரசுப் பள்ளியில் பேசி உட்கார வைப்பது, சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது. இவ்வளவுதான் எங்கள் வேலை.

போன வருடம் உங்களில் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம். எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் ‘நல்லவேளை, நாம் இல்லை’ என்று நிம்மதியாகிவிடுவீர்கள்.

இணைப்புகளில் எனக்குக் குறையில்லை. டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் எண், சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை என்று எல்லாம் கேளுங்கள். ஊரார் பணத்தை வாங்குகிறவன் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இதே காகிதங்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில், ஒவ்வொரு பெயரில், ஒவ்வொரு தளத்தில் ஏற்றச் சொல்கிறீர்களே, அதற்குத்தான் எங்களிடம் ஆள் இல்லை.

அப்புறம் புரொபோசல், அதாவது திட்ட முன்மொழிவு. ஆங்கிலத்தில் மட்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளர் தமிழ் வழியில் படித்தவர். எந்தச் சூளையில் எத்தனை பிள்ளைகள், யாருக்குக் கூட்டெழுத்து வராது, எந்த மேஸ்திரி வகுப்புக்கு இடம் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உங்கள் படிவத்துக்கு முன்னால் அவர் வாயடைத்துப்போனார். ‘இது என்ன மாற்றத்தை எப்படி உண்டாக்கும், ஐநூறு எழுத்துகளுக்குள் விளக்குக’ என்று ஒரு கட்டம். கடைசியில் சென்னையில் புரொபோசல் எழுதிக் கொடுப்பவர் ஒருவரைப் பிடித்தோம். அவர் சூளையைப் பார்த்ததில்லை. அவர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வேலை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு மாலைகள் அந்தப் படிவத்துக்குப் போயின. அந்தப் பன்னிரண்டு மாலையும் ஒருங்கிணைப்பாளர் வகுப்புக்குப் போகவில்லை. உங்கள் பார்வையில் விண்ணப்பம் இலவசம். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பட்ஜெட் பக்கம்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மிகக் கூடாது.’ தொலைபேசியில் கேட்டேன். “சட்டமே அப்படித்தான் சார் சொல்லுது” என்றார் உங்கள் அலுவலர்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவும் அதன் கீழ் வந்த சிஎஸ்ஆர் விதிகளும், ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்துவதற்குத் தானே செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்குத்தான் 5 சதவீத வரம்பு வைத்தன. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. கம்பெனியின் கழுத்துக்கு அளவெடுத்த கயிற்றை எங்கள் கழுத்தில் மாட்டிவிட்டீர்கள். குடும்பச் சொத்திலிருந்து கொடுக்கும் அறக்கட்டளைகளுக்கோ இந்த விதியே கிடையாது. அவர்களும் பார்த்து எழுதிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சரி, நிர்வாகச் செலவு என்றால் என்ன? கணக்கு எழுதும் பெண்ணின் அரை நாள் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், முன்னறைக்கு வாடகை, சூளைக்குச் சூளை போகப் பெட்ரோல், மின்கட்டணம். நீங்கள் கேட்கும் காலாண்டு அறிக்கை, புகைப்படம், ரசீது வாரியான கணக்கு எல்லாவற்றையும் செய்வது இந்தச் செலவுதான். நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் தருகிறீர்கள். நோட்டு வாங்கிய கணக்கை எழுதுகிறவருக்குத் தர மறுக்கிறீர்கள்.

தானம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும் என்று நினைத்தவர் என்ன கொடுத்தார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கணக்கே இருக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. சாகாத, மூப்படையாத ஆடு என்ற பொருளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இடையர் மந்தையைப் பெற்றுக்கொண்டு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளந்தால் போதும். விளக்குக்கு நெய் வேண்டும், நெய்க்குப் பால் வேண்டும், பாலுக்கு மந்தை வேண்டும், மந்தைக்கு மேய்ப்பவர் வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘நெய்க்கு மட்டும் பணம் தருகிறேன், ஆட்டுக்கு 5 சதவீதம்தான்’ என்று யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. மந்தை குறையாமல் இருக்கும் வரை விளக்கு எரிந்தது. ஒரு வருட மானியம் முடிந்து, அடுத்ததற்கு விண்ணப்பித்து, இடையில் எட்டு மாதம் அணைத்து வைக்கும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர் வைக்க முடியாது.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனில் விண்ணப்பம் வாங்கினீர்கள். மூன்று மாதத்தில் முடிவு என்றீர்கள். அதற்கு முன்பு எங்களுக்கு ஒரு முறை மானியம் கிடைத்திருக்கிறது, வேறோர் இடத்திலிருந்து. பணம் பிப்ரவரி நடுவில் வந்தது. மார்ச் 31க்குள் செலவழித்து யூசி, அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், கொடுக்கச் சொன்னார்கள். சூளையில் பிள்ளைகள் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆசிரியர் சம்பளத்தை ஆறு வாரத்தில் செலவழிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. அதனால் அலமாரி வாங்கினோம். நல்ல அலமாரி, இன்னும் இருக்கிறது. ஏப்ரலில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணமில்லை. இத்தனைக்கும் சிஎஸ்ஆர் விதிகளே, ‘தொடர் திட்டம்’ என்று அறிவித்தால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று நிதியாண்டுகள் நடத்த இடம் கொடுக்கின்றன. அந்த ஆண்டுக்கான மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடரலாம். சட்டம் கொடுக்கும் அவகாசத்தை நீங்கள் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்?

உங்கள் பக்கத்திலும் முடிச்சுகள் உண்டு, தெரியும். 2023 ஏப்ரலிலிருந்து ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்கு 100 ரூபாய் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் 85 ரூபாயைத்தான் அறச் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். சிறியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட நாமே நடத்திவிடலாம் என்று உங்கள் ஆடிட்டர் சொல்வது புரிகிறது. ஆனால் எங்களுக்கு வேறு வாசல் இல்லை. முன்பு வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய தொண்டு நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்து வேலை செய்ய வைக்கும். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு (எஃப்சிஆர்ஏ) 2020இல் வந்த திருத்தம் அப்படிக் கைமாற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டது.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் பாவம். உங்களில் ஒருவரிடமிருந்து ஓர் அம்மா வந்தார். மதிய வெயிலில் சூளைக்கே வந்து, அறுத்துக் காய வைத்திருந்த பச்சைக் கல் வரிசைக்கு நடுவில் நின்று பிள்ளைகளிடம் பேசினார். ஒருங்கிணைப்பாளரிடம் அரை மணி நேரம் தமிழில் கேட்டுத் தானே குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு, “எங்கள் குழு இந்த வருடம் இந்த மாவட்டத்தை எடுக்கவில்லை, மன்னியுங்கள்” என்று பத்து நாளில் சொல்லிவிட்டார். பணம் கிடைக்கவில்லை. அவர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதனால் கேட்கிறேன். முதல் கட்டத்தில் இரண்டு பக்கம் போதும் என்று வையுங்கள், தமிழிலும் வாங்குங்கள். அதில் தேறினவர்களிடம் மட்டும் பெரிய படிவத்தைக் கேளுங்கள். கேட்டவர்கள் வேலையை நடத்த உண்மையில் என்ன ஆகிறது என்று விசாரித்து, அதைக் கொடுங்கள். முடியாது என்றால் குறைவான பிள்ளைகளுக்கு முழுதாகக் கொடுங்கள். இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். போன வருடம் நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. உங்கள் தளத்தில் அது இன்னும் ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது.

வரும் தையில் சூளைக்கு வரப்போகிற குடும்பங்கள் முன்பணம் வாங்கியாகிவிட்டது. அவர்கள் வருவது உறுதி. உங்கள் பதில் அதற்கு முன்னால் வந்தால், எது என்றாலும், அதற்கேற்றபடி ஆசிரியரிடம் பேசிக்கொள்வோம்.

இப்படிக்கு,
திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ஒரு சிறிய அறக்கட்டளையின் செயலாளர்