ஆனைகட்டிச் சாலையில் எங்கள் ஆட்டைப் பிழைக்க வைத்த பெரியவருக்கு

தென்மேற்குப் பருவமழை கேரளத்து அட்டப்பாடியின் மேற்கை நனைத்துவிட்டுக் கிழக்கே வருவதற்குள் வலுவிழந்துவிடுவதால், சோலையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஆடு வளர்த்துப் பிழைக்கும் எங்களுக்கு ஆண்டில் பெரும்பகுதி முள்ளும் புழுதியும்தான் மேய்ச்சல். அப்படிக் காய்ந்து கிடந்த ஆடுகள், கோடை மழைக்குத் துளிர்த்த ஈரப்பச்சையை அளவு தெரியாமல் தின்றதில், அட்டப்பாடிக் கருப்பு இனத்துச் சினையாடு ஒன்று இடப்பக்கம் பறைபோல உப்பி, சென்ற செவ்வாய்க்கிழமை சாலையோரம் விழுந்துவிட்டது.

தமிழும் மலையாளமும் கலந்து பேசிய அந்தப் பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்தி, வீட்டுக்கு வாங்கிச் சென்ற கடலை எண்ணெய்ப் பொட்டலத்தைப் பிரித்து, புரையேறிவிடாதபடி தலையை அதிகம் தூக்காமல், கடைவாய் வழியே சிறிது சிறிதாக ஏறத்தாழ 100 மில்லி புகட்டினார். பிறகு முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி ஆட்டை நிறுத்தி, அரை மணி நேரம் வயிற்றை நீவிக்கொண்டே இருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அவ்வளவுதான். முதல் ஏப்பத்தின் நாற்றத்தில் இருவரும் சிரித்துவிட்டோம்.

பணம் நீட்டியபோது, "குட்டி போட்டதும் சொல்லு மோனே" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஐயா, நேற்றிரவு இரண்டு குட்டிகள் பிறந்தன, இரண்டும் கறுப்பு. தங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.